ஐந்தாவது வேட்டு

பங்குனி உத்திரம் என்றைக்கு வருகிறது என்று பார்க்கப் பஞ்சாங்கத்தைப் பிரித்தபோதுதான் அந்தக் கார்டு கீழே விழுந்தது. நான் ஐந்தாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டி வாசிக்க வரும். ‘இருதயராஜ், கேர் ஆப் சீனுவாசன்’ என்று எங்கள் வீட்டுக்காரர் பெயரைப் போட்டு வந்திருந்தது. பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் விருப்பப்பட்டால் திரும்பவும் சேரலாம், ஏப்ரல் ஆறாம் தேதி காலை பத்து மணிக்குள் விழுப்புரத்தில் நடக்கும் ஆள் எடுப்புக்குப் பழைய காகிதங்களோடு வரவும் என்று அச்சடித்திருந்தார்கள். நான் பார்த்த அன்றைக்கு ஏப்ரல் நாலு. தபால் முத்திரையில் மார்ச் இருபத்தாறு.

எங்கள் ஊர்த் தபால்காரர் காலனிக்குள் போகமாட்டார். அங்கே யாருக்குக் கடுதாசி வந்தாலும் அவர்கள் எந்த வீட்டில் வேலை செய்கிறார்களோ அந்த வீட்டில் கொடுத்துவிட்டு சைக்கிளைத் திருப்பிக்கொள்வார். வீட்டுக்காரர்கள் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். அப்படித்தான் அது எங்கள் வீட்டுக்கு வந்தது, வந்ததோடு பஞ்சாங்கத்துக்குள் போய் ஒன்பது நாள் இருந்திருக்கிறது. சீனாக்காரனோடு நடந்த சண்டை நின்று நாலைந்து மாதமாகியும் ஆள் எடுப்பது நிற்கவில்லை என்று ஊரே பேசிக்கொண்டிருந்த நேரம். கார்டு என்ன சொல்கிறது என்று எங்கள் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் போக வழியே இல்லை.

கேட்டேன். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, “கெணறு முடியட்டும்னு வச்சிருந்தேன். இன்னா இப்ப?” என்றார்.

இரண்டு வருஷமாக மழை சரியில்லை. நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம், அதைப் போட்டு, பூவோடு காய்ந்ததைப் பார்த்து வயிறு எரிந்தவர்கள் நாங்கள். கிணறு நாற்பது அடியைத் தாண்டிப் பாறையில் நின்றது. பாறையை உடைக்க இருதயராஜை விட்டால் திண்டிவனத்திலிருந்து மரக்காணம் வரைக்கும் நம்பிக்கையான ஆள் கிடையாது. அவருக்கு முன்னால் எங்கள் பக்கம் வேட்டு வைத்துக்கொண்டிருந்தவருக்கு வலது கை மணிக்கட்டோடு போயிற்று. அதனால் எங்கள் வீட்டுக்காரர் செய்தது எனக்குப் புரியத்தான் செய்தது. புரிந்ததால்தான் நானும் அன்று சாயங்காலமே கார்டைக் கொண்டுபோய்க் கொடுக்காமல், விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்தேன். ஒன்பது நாள் வைத்திருந்தவரை, ஒரு ராத்திரி வைத்திருந்தவள் திட்ட என்ன யோக்கியதை இருக்கிறது!

இருதயராஜைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினோரு வருஷம் பட்டாளத்தில் இருந்தவர். பாலம் கட்டுவதும் பாறை உடைப்பதும்தான் அவர்கள் பிரிவின் வேலை, பெங்களூரில் பயிற்சி. அம்மா படுத்த படுக்கையானபோது எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். இன்னும் நாலு வருஷம் இருந்திருந்தால் பென்ஷன். வந்தவர் மறுபடி எங்கள் நிலங்களுக்கே வந்தார், ஆனால் போன ஆளாக வரவில்லை. காலனியில் மற்றவர்கள் எல்லாம் எங்கள் வீட்டுக்காரரை “ஆண்டே” என்பார்கள். இவர் “சார்” என்றார். எங்கள் வீட்டுக்காரருக்கு அது முதலில் சுருக்கென்றது. பிறகு, திண்டிவனம் தாசில்தாரைக் கூப்பிடுகிற மாதிரி தன்னைக் கூப்பிடுகிறான் என்று உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சியும் வந்தது. அவரை வாடா என்று கூப்பிட ஊரில் யாருக்கும் வாய் வரவில்லை, வாங்க என்று கூப்பிட மனசு வரவில்லை. ஆகவே ‘மிலிட்டரி’ என்பதோடு எல்லாரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

வேலைக்கு வந்த முதல் நாள் தண்ணீர் கேட்டார். எங்கள் வழக்கத்தில் கேட்கிறவர்கள் குனிந்து கை குவிப்பார்கள், நான் சொம்பைத் தூக்கி ஊற்றுவேன். அவர் குனியவில்லை. பையிலிருந்து ஒரு வெள்ளை எனாமல் மக்கை எடுத்து நீட்டினார். விளிம்பில் நீலக்கோடு, அடியில் ஆணியால் கீறிய நம்பர். வழக்கத்தை உடைத்துவிட்டார் என்று யாரும் சண்டைக்கு வர முடியாது, குனிந்தார் என்றும் யாரும் சொல்ல முடியாது. நான் ஊற்றினேன். என்ன ஆள் இவர் என்று அன்றைக்கே எனக்குப் பிடித்துப்போயிற்று. இப்போது சொல்வதற்கு என்ன வெட்கம்!

வேலையும் அப்படித்தான். பாறையில் துளை போட்டு, மருந்து கெட்டித்து, திரியை ஒன்றைவிட ஒன்று ஒரு சாண் கூட்டி வெட்டுவார், அப்போதுதான் ஒவ்வொன்றாக வெடிக்கும், எண்ண முடியும். விசில் ஊதி எல்லாரையும் விரட்டிய பிறகு கொளுத்திவிட்டுக் கடைசி ஆளாக மேலே ஏறி வருவார். ஓடமாட்டார். திரி கொளுத்திவிட்டு ஓடுகிறவன் தடுக்கி விழுவான் என்பார். ஐந்து துளை வைத்தால் ஐந்து சத்தம் கேட்க வேண்டும். அங்கே நிற்கிற அத்தனை பேரும் தனித்தனியாக எண்ண வேண்டும். எண்ணிக்கை ஒத்துப்போனால்தான் கிணற்றுப் பக்கம் போகலாம். எனக்கு எண்ணிக்கை தவறிப்போகும் என்று மடியில் துளைக்கு ஒரு மல்லாட்டையைப் போட்டுக்கொள்வேன். ஒரு சத்தத்துக்கு ஒன்றாக எடுத்து இடது கையில் வைப்பேன். ஐந்து வருஷத்தில் முப்பது கிணறு, ஒருவருக்கும் ஒரு கீறல் கிடையாது.

மறுநாள் காலையில் வேலைக்கு வந்ததும் கார்டைக் கொடுத்தேன். வாசித்தார். பிறகு திருப்பி முத்திரையை வாசித்தார். அதை வாசிக்க அவ்வளவு நேரம் ஆகாது. எனக்குக் காது மடல் சுட்டது.

“விழுப்புரம் போறதா உத்தேசமா?” என்றேன்.

“தெரியலைங்கம்மா. செண்பகத்துக்கிட்ட பேசணும்.” செண்பகம் அவர் சம்சாரம். கார்டைச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார். “நாலு வருசம் பாக்கி நிக்கிது. அதுகூட இல்லம்மா...” என்று எதையோ சொல்ல வந்து, சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்று முழுக்க அவர் எங்கள் வீட்டுக்காரரிடம் கார்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முகத்தைக்கூடத் திருப்பிக்கொள்ளவில்லை. தமர் சரியான சாய்வில் இறங்கவில்லை என்று சின்னக்கண்ணுவை இரண்டு தடவை மறுபடி அடிக்க வைத்தார். பாறையில் போடும் துளையைத்தான் தமர் என்பார்கள். சின்னக்கண்ணு அவருக்குக் கை ஆள், சித்தப்பா மகன் முறை. நாளைக்கு விழுப்புரம் போகப்போகிறவர் இன்றைக்கு எங்கள் கிணற்றுக்கு எதற்கு இத்தனை பாடுபடுகிறார் என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. மத்தியானம் அந்தச் சட்டைப் பை மூடியின் இடுக்கில் கார்டின் மஞ்சள் ஓரம் தெரிவதை எங்கள் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். அதற்கப்புறம் அவர் வாயில் வெற்றிலை மட்டும்தான் அசைந்தது.

வெயில் தாழ்ந்ததும் விசில் ஊதினார். ஐந்து துளை. எல்லாரும் வரப்பு தாண்டிப் புங்கமரத்தடிக்கு வந்தோம். ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவதைப் பாறையின் மேல்விளிம்பில் வைத்திருந்தார், சத்தம் நெஞ்சில் குத்தியது. உடனே பெருமுக்கல் மலையிலிருந்து அதே பலத்தோடு இன்னொரு சத்தம் வந்தது.

“அஞ்சு! ஆச்சி!” என்று எங்கள் வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றைப் பார்க்க நடந்தார். அவருக்கு எப்போதும் அவசரம்தான். வெடித்த சூட்டோடு எட்டிப் பார்த்துவிட வேண்டும், அடியில் ஈரம் மினுக்கினால் அன்றைக்கு அவருக்குத் தீபாவளி. நாலு எட்டு வைத்திருப்பார். இருதயராஜ் பின்னாலேயே போய் அவர் மேல்கையைப் பிடித்து நிறுத்தினார். எங்கள் ஊரில் அப்படிப் பிடிக்கிற கையைப் பிறகு சும்மா விடமாட்டார்கள். எங்கள் வீட்டுக்காரர் அந்தக் கையையே பார்த்தார்.

“நாலுதான் சார்.”

“அஞ்சு. எங்காதால கேட்டேன். சின்னக்கண்ணு, எத்தினி?”

சின்னக்கண்ணு இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, “அஞ்சு மாரிதாங்க இருந்துச்சி” என்றான்.

“அஞ்சாவது மலை சொன்னது சார்” என்றார் இருதயராஜ். கையை விடவில்லை. என் பக்கம் திரும்பினார். “அம்மா, உங்க கணக்கு எத்தினி?”

கையை விரித்தேன். நாலு மல்லாட்டை. ஐந்தாவது மடியிலேயே கிடந்தது. எங்கள் வீட்டுக்காரர் பக்கத்தில் இருக்கும்போது என்னிடம் ஒருவர் கணக்குக் கேட்டது அதுதான் முதல் தடவை.

இருதயராஜ் கையை விட்டார். எங்கள் வீட்டுக்காரர் முகத்தில் ரத்தம் இல்லை. வெடிக்காத மருந்து எப்போது வேண்டுமானாலும் விழித்துக்கொள்ளும் என்பது கிணறு வெட்டுகிற ஊரில் குழந்தைக்கும் தெரியும். அவர் எட்டிப் பார்க்கும்போது அது விழித்திருந்தால் நான் இன்றைக்கு இந்தக் கதையை வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருப்பேன்.

“ஒரு ராத்திரி தாண்டணும். விடியறவரிக்கும் யாரும் கிட்ட போவக்கூடாது” என்று இருதயராஜ் கிணற்றைச் சுற்றிக் கருவேல முள்ளை வெட்டிப் போட்டார்.

அப்போதுதான் சின்னக்கண்ணுவுக்கு உறைத்தது. “அண்ணே, காலையில நீ பஸ்ஸுக்குப் போவணுமே. நீ போ. நா எறங்கிப் பாத்துக்கிறேன்.”

“எந்தக் குழில எவ்ளோ மருந்து போச்சின்னு உனுக்குத் தெரியுமா? வச்சவன்தான் எறங்கணும்.”

“இது இன்னா சட்டம்ணே?”

“பட்டாளத்து சட்டம்தான்” என்றார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்கள். எங்கள் கிணற்றில் பூதமாக உட்கார்ந்திருந்தது என்ன என்று எனக்கும் தெரியும், எங்கள் வீட்டுக்காரருக்கும் தெரியும். வந்த அன்றைக்கே கார்டைக் கொடுத்திருந்தால் அவர் இரண்டு நாள் முந்தியே காகிதம் எல்லாம் தேடி எடுத்துக்கொண்டு விழுப்புரம் போயிருப்பார். எங்கள் கிணற்றில் அன்றைக்கு வேட்டே வைத்திருக்கமாட்டார்.

விடிந்தும் விடியாமலும் அவரும் செண்பகமும் வரப்பில் வருவது தெரிந்தது. நடுவில் ஒரு டிரங்குப் பெட்டி, ஆளுக்கு ஒரு பிடி. கறுப்புப் பெட்டியில் வெள்ளைப் பெயிண்டில் அவர் பெயரும் நம்பரும் இருந்தன. காக்கிச் சட்டையைச் செண்பகம் வெந்நீர்ச் சொம்பு வைத்துத் தேய்த்திருக்கிறாள், மடிப்பு கத்தி மாதிரி நின்றது. புங்கமரத்தடியில் பெட்டியை இறக்கினார்கள். அவர் சட்டையைக் கழற்றி, அந்த மடிப்பு கலையாமல் மடித்துப் பெட்டிமேல் வைத்தார். பனியனோடு நின்றார்.

“ஆறரை பஸ்ஸுக்குள்ள முடிஞ்சா போறேன்” என்றார் அவளிடம். அதை விட்டால் பத்து மணிக்குள் விழுப்புரம் போக வேறு பஸ் இல்லை. “பழைய குழியத் தொடக்கூடாது. ஒரு மொழம் தள்ளிப் புதுசு போட்டு வெடிச்சா அதுவும் கூடப் போயிடும்.” அவளுக்கு இதெல்லாம் தெரியும். இருந்தாலும் சொன்னார்.

சின்னக்கண்ணுவும் எங்கள் வீட்டுக்காரரும் ரோட்டுப் பக்கம் யாரும் வந்துவிடாமல் காவலுக்குப் போனார்கள். நானும் செண்பகமும் மரத்தடியில் உட்கார்ந்தோம். கிணற்றுக்குள்ளிருந்து சம்மட்டிச் சத்தம் வர ஆரம்பித்தது. ஒரு கையில் உளி, ஒரு கையில் சம்மட்டி, ஒரு முழம் தள்ளி உயிருள்ள மருந்து. செண்பகம் பெட்டிமேல் இருந்த சட்டையில் காலர் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு நூலைப் பல்லால் கடித்து எடுத்தாள்.

“உனக்கு அவர் போறதுல இஷ்டமா?” என்றேன். கேட்கக்கூடிய நேரமா அது! ஆனால் வாயைத் திறக்காமல் அங்கே உட்கார முடியவில்லை.

“எட்டு வருசம் நா கடுதாசிகூடத்தான் குடும்பம் பண்ணேன்மா. வருசத்துக்கு ஒருவாட்டி லீவுல வருவாரு. வந்தா ரெண்டு நாளைக்கு நெஞ்ச நிமித்திக்கினு நடப்பாரு, பாக்க அவ்ளோ நல்லாருக்கும். மூணாம் நாளு யாருனா ஒருத்தரு ‘டேய்’ன்னு கூப்புடுவாங்க. அவ்ளோதான்.” கிணற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினாள். “அங்க பந்தில வரிசையா ஒக்காந்துதான் துன்னுவாங்களாம். இந்தப் பக்கம் யாரு, அந்தப் பக்கம் யாருன்னு கெடையாதாம். பேரு சொல்லித்தான் கூப்புடுவாங்களாம். அங்க அவரு பேரு இருக்குது. இங்க நா இருக்கேன், மேரி இருக்கா. ரெண்டும் ஒரே எடத்துல இருந்தா நல்லாருக்கும்.”

லூர்துமேரி அவர்களுடைய பெண், நாலு வயசு. நாற்பது அடிக்குக் கீழே சம்மட்டி ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது.

“கேம்பு தவறிப்போனாலும் நேரா பெங்களூரே போயி நின்னா சேத்துக்குவாங்களாம். வேல தெரிஞ்ச ஆளுல்ல? ராவெல்லாம் சொல்லிக்கினு இருந்தாரு.”

“நீ என்ன சொன்னே?”

“பெட்டியக் கட்டுனேன்” என்றாள்.

ஆறரை மணி பஸ் பெருமுக்கல் திருப்பத்தில் ஹார்ன் அடித்தது. காற்று அந்தப் பக்கமிருந்து வந்ததால் சத்தம் பக்கத்தில் கேட்டது. சம்மட்டி நின்றது. செண்பகம் எழுந்து நின்றாள். அங்கே அடியில் உளியைப் பிடித்தபடி அவர் தலையைத் தூக்கிப் பார்த்திருப்பார், வட்டமாகக் கொஞ்சம் ஆகாசம் தெரிந்திருக்கும். ஏறி வந்துவிட்டால் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. முள்ளைப் போட்டு மூடிவிட்டுப் போகலாம். கார்டை ஒளித்து வைத்தவனுடைய கிணறுதானே!

பிறகு சம்மட்டி விழுந்தது. முன்பு விழுந்த அதே சீரில். செண்பகம் உட்கார்ந்தாள்.

ரோட்டில் எங்கள் வீட்டுக்காரர் ஒரு காரியம் செய்துகொண்டிருந்தார். நடு ரோட்டில் நின்று இரண்டு கையையும் விரித்து பஸ்ஸை மறித்துவிட்டார். டிரைவர் கத்துவதும் இவர் கும்பிடுவதும் தூரத்தில் தெரிந்தது. வேஷ்டி ஒரு பக்கம் அவிழ்ந்து இழுபட்டது, அதைக்கூடக் கவனிக்கவில்லை. ஐந்து நிமிஷம் நின்றிருக்கும். உள்ளே இருந்தவர்கள் ஆளாளுக்குத் திட்டியிருப்பார்கள். அப்புறம் பஸ் அவரைச் சுற்றிக்கொண்டு புழுதியோடு போயிற்று.

இன்னும் முக்கால் மணி நேரம் ஆயிற்று. விசில் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கிணற்று விளிம்பில் அவர் தலை தெரிந்தது. முள்ளை விலக்கிக்கொண்டு, உடம்பெல்லாம் கல்மாவு வெள்ளையாகப் பூத்திருக்க, ஓடாமல் நடந்து வந்தார். மரத்தடிக்கு வந்து செண்பகத்துக்குப் பக்கத்தில் நின்றார். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள், விரல்களை எண்ணுகிற மாதிரி.

நிலம் அதிர்ந்தது. முதல் நாள் கேட்ட நாலையும் சேர்த்தால்கூட அந்தச் சத்தம் வராது. புது மருந்தும் பழையதும் ஒன்றாகப் போயின. முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஐந்தாவது மல்லாட்டையை எடுத்து இடது கையில் வைத்துக்கொண்டேன். மலை பதில் சொன்னது. அதை யாரும் எண்ணவில்லை.

இருதயராஜ் தண்ணீர் வேண்டும் என்று சைகை காட்டினார். நான் ஊற்றப் போகவில்லை. சொம்பை அப்படியே அவர் கையில் நீட்டினேன். ஒரு கணம் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாங்கிக்கொண்டார். பெட்டியைத் திறந்து மக்கை எடுத்து, சொம்பிலிருந்து தானே மக்கில் ஊற்றிக்கொண்டு, சொம்பை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு மக்கில் குடித்தார். நான் பெரிய மனசு பண்ணி எதையோ கொடுத்துவிட்டதாக நினைத்திருந்தேன். அவருக்கு அது தேவைப்படவில்லை. அவரிடம் மக் இருந்தது.

அப்போது வரப்போரத்தில் மாட்டு மணிச் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டுக்காரர் வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். எரு அடிக்கிற வண்டி இல்லை, நாங்கள் கோயிலுக்குப் போகிற வில்வண்டி. இறங்கி வந்தார். கிணற்றிலிருந்து புகை எழும்பிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை.

“கார்டு வந்து பத்து நாளுக்கு மேல ஆவுது. நாந்தான் வச்சிருந்தேன்” என்றார்.

“தெரியும் சார். நேத்து காலையிலயே தெரியும்.”

எங்கள் வீட்டுக்காரர் வெறும் வாயை மென்றார். நேற்று அந்தக் கை தன் கையைப் பிடித்த நேரம் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். “திண்டிவனத்துல ரயில் ஏத்தி விட்றேன். பெங்களூருக்கே போயிடலாம்னு சின்னக்கண்ணு சொன்னான்.” வண்டிப் பக்கம் கையைக் காட்டினார். “ஏறிக்...” என்று இழுத்தார். “ஏறிக்குங்க.”

இருதயராஜ் கல்மாவு படிந்த கையைத் துடைத்துக்கொண்டு மடித்து வைத்த சட்டையை எடுத்தார், போட்டுக்கொள்ளாமல் தோளில் போட்டுக்கொண்டார். “இருங்க சார். செண்பகத்துக்கிட்ட ஒரு வார்த்த பேசிக்கிறேன்.”

இரண்டு பேரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரப்பு முனைக்குப் போனார்கள். வலது பக்கம் திண்டிவனம் ரோடு, இடது பக்கம் காலனிக்குப் போகிற ஒற்றையடிப் பாதை. அங்கே பெட்டியை இறக்கி, ஆளுக்கு ஒரு ஓரமாக அதன்மேலேயே எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவர் என்னவோ சொன்னார். அவள் ஏதோ பதில் சொன்னாள். பிறகு அவள் பேசினாள், அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

வெயில் ஏறிவிட்டது. மாடுகள் ஈயை விரட்டித் தலையை ஆட்டின, மணி குலுங்கியது. அந்தச் சத்தம் அவர்கள் பேச்சுக்கு இடைஞ்சலாக இருக்கும் என்று எங்கள் வீட்டுக்காரர் இரண்டு மணிகளையும் கையில் அடக்கிப் பிடித்துக்கொண்டார். அப்படியே நின்றார்.